ஒரு மில்லிமீட்டரில் மாறும் வகுப்பு

படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களுக்கான பந்தயத்தில், எந்தப் படகு எதனுடன் மோதலாம் என்பதை முதலில் முடிவுசெய்வது எஞ்சினின் கொள்ளளவு. பன்னாட்டு மோட்டார் படகுப் பந்தய அமைப்பான யுஐஎம் வகுத்த ஓ-125, ஓ-250, ஓ-350, ஓ-500 என்ற வகுப்புகளில் எண்ணே சிசி வரம்பைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கர்கள் நெடுங்காலமாக இதையே கன அங்குலத்தில் அளந்துவருகிறார்கள்.

பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும்போது கடக்கும் இடமே கொள்ளளவு. சிலிண்டரின் விட்டம் 60 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 60 மி.மீ., சிலிண்டர்கள் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால் சுமார் 339 சிசி வரும். ஓ-350 வகுப்பில் தாராளமாக ஓடலாம். தேய்ந்துபோன சிலிண்டரைக் கடைந்து விட்டத்தை 61 மி.மீ. ஆக்கினால் அது 350.7 சிசி ஆகிவிடும். ஒரே மில்லிமீட்டர், வகுப்பு கைவிட்டுப் போய்விடுகிறது! விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கிக் கணக்கில் சேர்ப்பதால்தான் இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு விளைவு.

ஆனால் கொள்ளளவு ஒன்றை மட்டும் பூட்டிவைத்தால் போதாது. எஞ்சினின் திறன், அது ஒரு விநாடியில் எவ்வளவு காற்றையும் எரிபொருளையும் எரிக்கிறது என்பதைப் பொறுத்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் துளையின் மேல் விளிம்பைச் சற்று அராவி உயர்த்தினால், அதிவேகச் சுழற்சியில் திறன் கூடும். குறைந்த வேகத்தில் இழுவை குறையும். புகைக்குழாயின் வடிவம் இதைவிட வியப்பானது. வயிறு பெருத்து முனை குறுகிய குழாயில், வெளியேறும் அழுத்த அலை குறுகலில் மோதித் திரும்பிவந்து, தப்பியோடப் பார்க்கும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. கூடுதலாக ஒரு சிசி கூட இல்லாமலே திறன் வெகுவாக ஏறிவிடுகிறது.

அதனால்தான் அமெரிக்க மோட்டார் படகுப் பந்தயச் சங்கமான ஏபிபிஏ, கொள்ளளவுக்கு மேல் இன்னொரு பிரிவினையும் வைத்திருக்கிறது. ‘ஸ்டாக்’ பிரிவில் தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்புகளில் ஏறக்குறைய எதையும் தொடக்கூடாது. ‘மாடிஃபைடு’ பிரிவில் துளைகளைத் திருத்தலாம். ‘புரோ’ பிரிவில் அந்தப் புகைக்குழாயும், மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருளும் வந்துவிடுகின்றன. மெத்தனால் ஆவியாகும்போது அதிக வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே நுழையும் கலவையைக் குளிர்விக்கும். குளிர்ந்த கலவை அடர்த்தியானது. சிறுவர் பிரிவில் இதற்கு நேர்மாறு: காற்று போகும் வழியில் சிறு துளையிட்ட தகடு ஒன்றைச் செருகி எஞ்சினின் மூச்சையே அடக்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். விலையும் குறைவு; சோதிப்பதற்குத் துளையின் விட்டத்தை அளந்தால் போதும்.

மற்ற பிரிவுகளில் சோதனை எளிதல்ல. முன்னிலையில் வந்தவர்களின் எஞ்சினைப் பந்தயம் முடிந்ததும் பிரித்து, துளைகளின் உயரத்தை அளப்பார்கள், சிலிண்டர் தலையில் திரவம் ஊற்றி எரியறையின் கன அளவைப் பார்ப்பார்கள், எரிபொருளையும் விடமாட்டார்கள்.

இந்தத் தலைவலியை ஜப்பான் வேறு வழியில் தீர்த்தது. 1952-இல் நாகசாகி மாகாணத்தின் ஓமுராவில் தொடங்கிய கியோட்டெய் படகுப் பந்தயத்தில் எஞ்சின்கள் மைதானத்துக்கே சொந்தம்; எல்லாமே யமாட்டோ தயாரிப்பு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரே வார்ப்பில் வந்தவற்றிலும் நல்லது, சுமாரானது என்ற வேறுபாடு இருக்கவே செய்கிறது. பந்தயம் பார்க்க வருபவர்கள் ஒவ்வொரு மோட்டாரின் எண்ணையும் அதன் பழைய வெற்றி விகிதத்தையும் கவனமாகப் படிக்கிறார்கள். ஓட்டுநரோ தனக்கு விழுந்த மோட்டாருக்கு ஏற்ப, புரொப்பெல்லரின் இதழ்களைச் சுத்தியலால் தட்டி வளைவைச் சரிசெய்துகொண்டிருப்பார்.