ராணுவத்தில் போஸ்டிங் வரும்போது சின்னக் குழந்தைக்கு எதெல்லாம் விட்டுப்போகிறது?

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்றால் டி.சி. வாங்கி அடுத்த ஊரில் சேர்த்துவிடலாம். ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. ராணுவக் குடும்பங்களில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறும்போது தடுப்பூசி, பேச்சு, பழகிய டீச்சர் எல்லாம் பாதியில் நின்றுபோகும்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். முதல் ஊசிகள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அப்புறம் மிலிட்டரி ஆஸ்பத்திரியில். இந்த அலைச்சலில் 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டரும் சுலபமாக விட்டுப்போகும். விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட தவணையிலிருந்து தொடர்ந்தால் போதும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியை அரசு எல்லா மாவட்டங்களிலும் போடுவதில்லை. அசாமுக்கோ கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்கோ போகிறீர்கள் என்றால், போனதும் கேட்டுப் போட்டுவிடுங்கள். தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து, அப்பா அம்மா இருவர் போனிலும் வைத்திருங்கள்.

பேச்சு விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த மூன்று வயதுக் குழந்தை இந்தி பேசும் பாலர் பள்ளிக்குப் போனால், அங்கே சில வாரம், சில சமயம் சில மாதம்கூட வாயே திறக்காது. வீட்டில் தமிழில் வாயாடுகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. "வீட்டிலும் இந்தியிலேயே பேசுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தமிழை நிறுத்தினால் இந்தி சீக்கிரம் வந்துவிடாது. ஆனால் இரண்டு வயது முடிந்தும் தமிழிலேயே "பால் வேணும்" என்பதுபோல இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால், "ஊர் மாறினதால்தான்" என்று தள்ளிப்போடக் கூடாது. முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். சொந்த ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கு அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் (டி.இ.ஐ.சி.) இது இலவசம். பேச்சுப் பயிற்சி நடக்கும்போதே மாற்றல் வந்தால், அறிக்கையோடு குழந்தை பேசும் இரண்டு நிமிட வீடியோவையும் எடுத்துப்போங்கள். புது இடத்தில் அறிக்கையைவிட அதுதான் அதிகம் உதவும்.

லீவில் வரும் அப்பாவைக் கண்டு குழந்தை அழுதால், தூக்கிக் கையில் திணிக்காதீர்கள். அம்மா மடியில் இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டட்டும்.

ராணுவ நிலையங்களில் நடக்கும் பாலர் பள்ளிகளின் சிக்கல் வேறு. அங்கே டீச்சர் பெரும்பாலும் இன்னொரு வீரரின் மனைவி. அவருக்கும் போஸ்டிங் வரும். புது டீச்சருடன் இரண்டு வாரமாவது சேர்ந்திருந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கக் குறிப்பு (எதற்கு அழும், எப்படித் தூங்கும், எது ஒவ்வாது) கொடுத்துவிட்டுப் போனால் பாதிப் பிரச்சினை தீரும். அமெரிக்கா 1989-இலேயே சட்டம் போட்டு, ராணுவக் காப்பகப் பணியாளரின் சம்பளத்தைப் பயிற்சியோடு இணைத்தது. கட்டணத்தைக் குடும்ப வருமானப்படி வைத்தது. அங்கும் ஆள் பற்றாக்குறையும் காத்திருப்புப் பட்டியலும் தீர்ந்தபாடில்லை, அது வேறு கதை.

நம் ராணுவத்தில் 2023 நவம்பரில் பெண் வீரர்களுக்கும் அதிகாரிகளைப் போலவே 180 நாள் மகப்பேறு விடுப்பும், 360 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பும் கிடைத்தன. விடுப்பு முடிந்து டியூட்டிக்குத் திரும்பும் தாய்க்கு, மதியத்துக்குள் மூடிவிடும் பாலர் பள்ளியால் என்ன பயன்? ராணுவக் குடும்பங்களின் நலக் கூட்டத்தில் புது ஊஞ்சல் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ஆறு மாதக் குழந்தையையும் ஏற்கும், டியூட்டி நேரம் முழுக்கத் திறந்திருக்கும் காப்பகம்.