தீக்காயம் பட்ட கையும் அதிர்வலையும்

உப்புவெளியில் இருக்கும் ஒரு அக்கா போன வாரம் கேட்டார்: "தம்பி, எண்ணெய்ச் சட்டி கவிண்டு கை வெந்து எட்டு மாசம். காயம் ஆறிட்டுது, ஆனா விரல் மடங்குதில்ல. ஷாக் வேவ் வச்சா சரி வரும் எண்டு மகள் போன்ல பாத்துச் சொல்றாள். கரண்ட் குடுக்கிறதோ? எனக்குப் பயமா இருக்கு."

கரண்ட் இல்லை, அக்கா. மின்சாரம் கருவிக்குள்தான் ஓடும். உங்கள் கைக்குள் போவது அழுத்தம் மட்டும். ஷாக் வேவ், அதாவது அதிர்வலை என்பது கண நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, உடனே சரிந்து விழும் ஓர் அழுத்தத் துடிப்பு. உண்மையான அதிர்வலை உச்சத்தைத் தொட எடுக்கும் நேரம் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு அளவுதான்.

திருகோணமலைக்காரருக்கு இந்த அலை புதிதல்ல. அதன் கெட்ட முகத்தை நாம் பார்த்திருக்கிறோம். டைனமைட் போட்டு மீன் பிடிப்பது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அது முழுதாக நின்றபாடில்லை. அப்படிச் செத்த மீனின் வெளியில் காயமே இருக்காது. வெட்டிப் பார்த்தால் உள்ளே காற்றுப்பை கிழிந்திருக்கும். மீனின் சதை பெரும்பாலும் நீர் என்பதால் அலைக்கு அதுவும் கடலும் ஒன்றுதான். தடையில்லாமல் உள்ளே போய்விடும். காற்றுப்பையின் சுவரை அடைந்ததும் எதிரே காற்று. நீரிலிருந்து காற்றுக்குள் புக முடியாமல் அலையின் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்பி அடிக்கிறது. அந்த இடத்தில்தான் கிழிசல். நம் உடம்பும் அப்படியே. சிகிச்சையின்போது தோலில் ஜெல் பூசுவது இதற்காகத்தான்: நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் அலை வெளியிலேயே நின்றுவிடும்.

இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் டோர்னியர் என்ற விமான நிறுவனம், ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானங்களை மழைத்துளிகள் எப்படிச் சேதப்படுத்துகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த அறிவு சிறுநீரகக் கல்லை உடைக்கும் கருவியாக மாறி, 1980 பெப்ரவரி 7ஆம் தேதி மியூனிக்கில் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. பிறகு சக்தியைக் குறைத்து எலும்புக்கும் தசைநாணுக்கும் வைத்தார்கள். அப்புறம் தழும்புக்கு வந்தது.

ஆனால் கல்லை உடைப்பதுபோல அலை தழும்பையும் உடைக்கிறது என்று நினைத்தால் தவறு. தழும்புக்கு வைப்பது மிகக் குறைந்த சக்தி. அது எதையும் உடைப்பதில்லை. பிறகு என்னதான் செய்கிறது?

முதலில் தழும்பு ஏன் இழுக்கிறது என்று பார்ப்போம். காயம் ஆறுவது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: இரத்தம் உறைகிறது, வெண்குருதிக் கலங்கள் துப்புரவு செய்கின்றன, நார் நெய்யும் கலங்கள் வந்து கொலாஜன் என்ற புரத நாரைப் போடுகின்றன. 1971இல் கபியானி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்த நார் நெய்யும் கலங்களில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். சில கலங்களுக்குள் தசையில் இருப்பதுபோன்ற இழைகள். நெய்பவரே இழுப்பவராகவும் மாறியிருந்தார்! மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற அந்தக் கலத்தை இழுவைக் கலம் என்று வைத்துக்கொள்வோம்.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக நின்று இழுக்கிறார்கள். இழுத்த கயிறு மறுபடி கடலுக்குள் போகாமல் கரையில் சுருளாக விழுகிறது. இழுவைக் கலங்கள் செய்வதும் அதுதான். கொஞ்சம் இழுக்கும், சுருங்கிய நிலையிலேயே புதுக் கொலாஜனைப் போட்டுப் பூட்டும், மறுபடி இழுக்கும். புறங்கைத் தோல் மெல்லியது. முஷ்டி மடக்கினால் அது நீண்டுகொடுக்க வேண்டும். அங்கே தழும்பு இழுத்தால் விரல்கள் மடங்காது.

சாதாரணக் காயத்தில் வேலை முடிந்ததும் இந்தக் கலங்கள் மடிந்துவிடும். தடித்த தழும்பில் மட்டும் ஏன் நிறுத்துவதில்லை? இதற்கு 2007இல் போரிஸ் ஹின்ஸ் என்ற ஆய்வாளரின் குழு காட்டிய விடை எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்ப்பு. "இழு" என்று கலத்துக்குக் கட்டளை கொடுக்கும் புரதம் டிஜிஎஃப்-பீட்டா. அது நார்ப் பின்னலில் ஒரு பூட்டிய பெட்டிக்குள் கிடக்கிறது. கலம் அந்தப் பெட்டியைப் பிடித்து இழுக்கும். மிதக்கும் தோணியில் கட்டிய கயிற்றை இழுத்தால் தோணியே உங்களிடம் வந்துவிடும், கயிறு விறைக்காது. தென்னங்குற்றியில் கட்டியிருந்தால்? கயிறு விறைத்து முடிச்சே தெறிக்கும். மென்மையான தோல் தோணி. விறைத்த தழும்பு குற்றி. விறைத்த தழும்பில் இழுக்க இழுக்கப் பெட்டி திறக்கிறது, கட்டளை வெளியே வருகிறது, கலம் இன்னும் பலமாக இழுக்கிறது, தழும்பு இன்னும் விறைக்கிறது. மருந்துக் கடைக் களிம்பு இந்தச் சுழலுக்குள் எங்கே நுழையும், சொல்லுங்கள்.

விசையை உணர்ந்தே முடிவெடுக்கும் கலத்திடம் விசையின் மொழியில்தான் பேச வேண்டும். அதிர்வலை அதைத்தான் செய்கிறது என்பது இப்போதைய விளக்கம். அலை கலத்தின் சவ்வையும், அது நாரைப் பற்றியிருக்கும் கைப்பிடிகளையும் அசைக்கிறது. உள்ளே சமிக்ஞைகள் மாறுகின்றன. மனிதத் தடித்த தழும்பிலிருந்து எடுத்த கலங்களுக்கு அதிர்வலை கொடுத்த கொரிய ஆய்வாளர்கள், டிஜிஎஃப்-பீட்டாவும் இழுவை இழைகளும் குறைந்ததை 2018இல் வெளியிட்டார்கள். தீக்காயம் பட்ட கைகளிலும் அங்கே சோதித்திருக்கிறார்கள்: வலி குறைந்தது, மூட்டுகளின் அசைவு கூடியது. ஆனால் இவை சிறிய ஆய்வுகள். அற்புதம் என்று விளம்பரம் செய்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

வைக்கும் முறை எளிது. காயம் முழுதாக மூடியிருக்க வேண்டும். ஜெல் பூசி, தழும்பின் மேல் கருவியின் முனையை நகர்த்துவார்கள். வாரம் ஒருமுறை, சில வாரங்கள். சுள்ளென்று இருக்கும், தாங்கலாம்.

இப்படிப்பட்ட ஆய்வுகள் இங்கேயும் நடக்கப் பணம் வேண்டும். எங்கள் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதம்கூட இல்லை. எனக்கு இது பெரிய மனவருத்தம். தீக்காயம் அதிகம் சுடுவது மண்ணெண்ணெய் அடுப்பும் குப்பி விளக்கும் வைத்திருக்கும் வீடுகளைத்தான். நம்மால் முடியாது என்றும் இல்லை. கவிழ்ந்தாலும் உருளாத, மூடி கழன்று எண்ணெய் சிந்தாத 'சுதீபா' விளக்கை உருவாக்கி 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றவர் இலங்கையின் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடக்கும்புர. கண்ணாடிக் குப்பியும் திருகு மூடியும்தான் அவருடைய கருவி. அப்படிப்பட்டவர்கள் இன்னும் பத்துப் பேருக்குப் பணம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கன்னியா வெந்நீர் ஊற்றில் கையை ஊறவைத்தால் போதும் என்று அக்காவுக்கு யாரோ சொன்னார்களாம். கன்னியா எனக்கும் பிரியமான இடம், அந்த ஏழு கிணறுகளில் குளித்து வளர்ந்தவன் நான். ஆனால் வெந்து ஆறிய தோலில் சூட்டை அறியும் உணர்வு குறைந்திருக்கும். மறுபடி பொள்ளினாலும் தெரியாது. வேண்டாம். எண்ணெய் பட்ட உடனே பற்பசை பூசுவதும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள்.

அக்கா, எட்டு மாதம் என்றால் உங்கள் தழும்பு இன்னும் முதிரவில்லை. அது அடங்க ஒன்று இரண்டு வருடம் எடுக்கும். அதனால் இப்போதே வைத்தியரிடம் போங்கள். கருவி குவிந்த அலை தருவதா, காற்றழுத்தத்தில் குண்டை மோதவிட்டுப் பரவலான அழுத்தம் தருவதா என்று கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. எதை வைத்தாலும் பிசியோதெரபி மிஸ் சொல்லித்தந்த பயிற்சியையும் இரவில் கையை நிலையாகப் பிடித்துவைக்கப் போடும் ஸ்ப்ளின்ட்டையும் விட்டுவிடாதீர்கள். அலை வைத்த அன்றைக்கு விரலை இன்னும் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள், எவ்வளவு மடங்கியது என்று மகளை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.