கசெற்றுக்குள் இருக்கும் சேவ் ஏன் அழிகிறது?

விளையாட்டை நிறுத்திய இடத்தைக் கேம் கசெற்றுக்குள் பதிந்து வைப்பதே சேவ். 1991இல் பன்டாய் நிறுவனம் நின்ரென்டோவின் ஃபமிகொம் என்ற கேம் கன்சோலுக்கு வெளியிட்ட இரண்டு கேம்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 'ட்ராகன் பால் இசட் 2: கெகிஷின் ஃப்ரீசா'. மற்றது 'ஃபமிகொம் ஜம்ப் 2'. கோக்கு, ஜோதாரோ உட்பட ஷோனென் ஜம்ப் சஞ்சிகையின் ஏழு கதாநாயகர்கள் வரும் கேம். இரண்டிலும் பன்டாயின் ஒரே வகைச் சிப்தான் வேலை செய்கிறது. ஆனாலும் கிழக்கிலங்கையில் கல்லடியிலோ கல்முனையிலோ ஒரே அலுமாரியில் இரண்டையும் வைத்திருந்தால், முதலாவதில் 30 வருடப் பழைய சேவ் இன்னும் திறக்கக்கூடும். இரண்டாவதில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிராது.

காரணம், சேவ் எதில் எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஃப்ரீசா கசெற்றில் 24சீ02 என்ற சின்ன ஈஈப்றொம் நினைவகச் சிப் உண்டு. கொள்ளளவு 256 பைற்று மட்டும். அதில் எழுதப்படும் ஒவ்வொரு பிற்றும் காவலிடப்பட்ட ஒரு தகட்டுக்குள் அடைபட்ட மின்னேற்றம். கரண்ட் இல்லாமலே பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். ஜம்ப் 2இல் இருப்பதோ, கரண்ட் இருக்கும்வரை மட்டும் தகவலை வைத்திருக்கும் எஸ்றாம் என்ற நினைவகம், 8 கிலோபைற்று. இடம் தாராளம், எழுதும் வேகமும் அதிகம். ஆனால் மின்னழுத்தம் 2 வோல்ற்றுக்குக் கீழே போனால் தகவல் நிற்கும் என்று எந்தத் தயாரிப்பாளரும் பொறுப்பெடுப்பதில்லை. அதனால்தான் பக்கத்தில் ஒரு நாணயப் பற்றரி.

அந்தப் பற்றரி பெரும்பாலும் சீஆர் 2032. விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர், 3 வோல்ற், கொள்ளளவு ஏறத்தாழ 225 மில்லிஅம்பியர் மணி. எஸ்றாம் சும்மா இருக்கும்போது 1 மைக்ரோஅம்பியர் இழுத்தால், 225ஐ 0.001ஆல் வகுக்க 2,25,000 மணித்தியாலம் வரும், அதாவது 25 வருடம் சொச்சம். தொண்ணூறுகளின் கசெற்றுகள் இப்போது வரிசையாகச் சேவ்களை இழப்பதற்கு இந்தக் கணக்கே போதும். சூடு கூடினால் சிப்பின் கசிவு மின்னோட்டமும் கூடும் என்பதால், எங்கள் பக்கத்து 32 பாகை மத்தியானங்கள் குளிர்நாட்டு அலுமாரியைவிடப் பற்றரியை விரைவாகக் குடிக்கும்.

ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடையிலான எழுவான்கரையில் இன்னொரு ஆள் இருக்கிறான்: உப்பு. கடலலை உடையும்போது எழும் நுண்துளிகள் கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள்தான் அதிகம் படியும். நாவலடி, காத்தான்குடிக் கடற்கரை வீதி, திருக்கோவில் போன்ற இடங்களில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே விளங்கும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரையும். மாரி காலத்தில் குசினி உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதம் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாய் உலர்ந்தாலும், கசெற்றின் சுற்றுப்பலகையான போட்டில் படிந்த அந்த உப்பு உலராது என்பதே இதன் பொருள்.

இந்த ஈர உப்புப் படலம் பற்றரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே போட்ட ஒரு தடையி மாதிரி வேலை செய்கிறது. அதன் தடை 1 மெகாஓம் என்று வையுங்கள். 3 வோல்ற்றுக்கு 3 மைக்ரோஅம்பியர் கசியும். சிப்பின் பங்கையும் சேர்த்தால் 4. பழைய கணக்கைத் திரும்பப் போட்டால் 25 வருடம் ஆறரை வருடமாகச் சுருங்கிவிடும். புதுப் பற்றரி போட்டும் சில வருடத்தில் சேவ் போய்விட்டது என்று பற்றரியைக் குறை சொல்பவர்கள் முதலில் போட்டைத்தான் பார்க்கவேண்டும். ஈயம் வைக்கும்போது மிஞ்சும் பிசினும் ஈரத்தை உறிஞ்சி இதே வேலையைச் செய்யும்.

பற்றரி நன்றாக இருந்தும் சேவ் கெடுவதுண்டு. கரண்ட் போகும் கணத்தில் 5 வோல்ற் ஒரேயடியாகப் பூச்சியமாகாது, சரிந்து இறங்கும். அந்தச் சரிவில் புரொசசர் தடுமாறி எஸ்றாமில் கண்டபடி எழுதக்கூடும். பிந்திய கசெற்றுகளில் மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் ஒரு சிறு சிப், அழுத்தம் விழத் தொடங்கியதுமே எஸ்றாமின் கதவைப் பூட்டிவிடும். முந்திய கசெற்றுகளில் இந்தக் காவல் வலுவில்லை. அதனால்தான் ரீசெற் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவரை நிறுத்தச் சொன்னார்கள். மாரி மழையில் அடிக்கடி கரண்ட் கட்டாகும் ஊரில் இதை விளையாட்டாக எடுக்கவேண்டாம். கன்சோலை ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் கொழுவுவது நல்லது.

இனித் திறக்கும் வேலை. ஃபமிகொம் கசெற்றுகள் பெரும்பாலும் திருகாணி இல்லாமல் கொழுவிகளால் பூட்டியவை. தட்டையான பிளாஸ்ரிக் துண்டை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்தினால் திறக்கும்; இரும்புத் திருகி போட்டால் கொழுவி முறியும். சுப்பர் ஃபமிகொம், கேம் போய் கசெற்றுகளுக்கு 3.8 மில்லிமீற்றர் கேம்பிற் என்ற தனி வகைத் திருகி வேண்டும். அது கிடைக்காத இடத்தில் போல்பேனையின் வெற்றுக்குழாய் நுனியை இளக்கித் திருகாணித் தலையில் அழுத்தி, ஆறவிட்டுத் திருகுவார்கள். ஒன்றிரண்டு கசெற்றுக்கு அது சமாளிக்கும். நிறையச் சேர்ப்பவர் திருகியை வாங்கிவிடுவதே மேல்.

மல்ற்றிமீற்றரை 20 வோல்ற் டீசீயில் வைத்து பற்றரியின் இரு முனைகளையும் தொடுங்கள். 3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் விட்டுவிடலாம். 2.7க்குக் கீழே என்றால் நாளைத் தள்ளாமல் மாற்றவேண்டும், ஏனென்றால் பற்றரிக்கும் சிப்புக்கும் இடையில் உள்ள, மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் இருவாயி தன் பங்குக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் கொடுக்கும்.

மாற்றுவதற்குக் கால் பொருத்திய, அதாவது தகட்டுக் கால்கள் தொழிற்சாலையிலேயே ஒட்டிய சீஆர் 2032ஐ வாங்குங்கள். கடையில் விற்கும் வெறும் பற்றரியின் முகத்தில் நேரே ஈயம் வைப்பது ஆபத்து. லிதியம் உருகுவது 180 பாகையில், சோல்டரிங் அயன் நுனி இருப்பது 350இல். பற்றரி வீங்கும், சிலவேளை வெடிக்கும். எல்ஐஆர் 2032 என்று ஒன்று இதே அளவில் வரும். அது சார்ஜ் ஏற்றும் வகை, 3.6 வோல்ற். கசெற்றில் சார்ஜ் ஏற்றும் சுற்றுக் கிடையாது, ஆகவே அது வேண்டாம்.

உள்ளே உள்ள சேவ் உயிரோடு இருந்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும் என்றால் வேலை நுட்பமானது. இரண்டு ஏஏ பற்றரிகளைத் தொடராகக் கோர்த்தால் 3 வோல்ற். அதன் நேர்முனையில் 1 கிலோஓம் தடையி ஒன்றைச் சேர்த்து, வயர்களைப் பழைய பற்றரியின் அதே செப்புத் தடங்களில் பிடியுங்கள். தடையி இருப்பதால் பழைய பற்றரிக்குள் ஓடுவது அரை மில்லிஅம்பியர் அளவில் நிற்கும். சிப் இழுக்கும் 1 மைக்ரோஅம்பியருக்கோ இழப்பு 1 மில்லிவோல்ற்தான். இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: வயரைப் பற்றரிக் கால் நிற்கும் அதே ஈயத்தில் பிடிக்கிறார்கள். பழைய காலைக் கழற்ற அந்த ஈயம் உருகும்போது வயரும் கழன்று சேவ் போய்விடும். அதே தடம் போய்ச் சேரும் வேறொரு புள்ளியைத் தேடிப் பிடிக்கவேண்டும். அயனைச் சூடாக்கி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத் தொடுங்கள். எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் நுனிக்குக் கசியும் மின் எஸ்றாமைக் குழப்பும். போட்டில் + குறி எங்கே என்று முதலே போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. கேம் போய் கசெற் என்றால் ஜீபிஎக்ஸ்கார்ட் போன்ற யூஎஸ்பி கருவியால் சேவைக் கணினிக்கு எடுத்து, பற்றரியை மாற்றி, திரும்ப எழுதிவிடலாம். இந்த மூச்சடக்கும் வித்தை எதுவும் தேவைப்படாது.

சேவ் ஏற்கனவே செத்திருந்தால் அது ஒரு வாய்ப்பு: பற்றரியைக் கழற்றிவிட்டுப் போட்டை முழுதாகக் கழுவலாம். பற்றரி இருக்கக் கழுவவே கூடாது, ஈரத்தில் செப்புத் தடம் அரிக்கும். இதில் பரவலான ஒரு தப்பெண்ணம் உண்டு. 99 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் எல்லாவற்றையும் சுத்தமாக்கும் என்கிறார்கள். பிசினையும் எண்ணெயையும் அது எடுக்கும். கறியுப்பு அதில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். வாகனப் பற்றரிக்கு ஊற்றக் கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் போதும். அசிட் போத்தலை எடுத்துவிடாமல் லேபிளை வாசியுங்கள். மென்மையான பல் பிரஷால் அந்த நீரில் இரண்டு தரம் கழுவி, பிறகு அற்ககோலில் அலசி, ஃபேன் காற்றில் ஒரு நாள் விடவேண்டும். ஃபாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். அது காய்ந்தபின் ஒட்டும் படலமாக நிற்கும்.

கீழ் விளிம்பின் பொன்முலாம் பூசிய முனைகளுக்கும் இதே முறைதான். முலாம் மிக மெல்லியது, அதற்கு அடியில் நிக்கலும் செம்பும். முலாமின் நுண்துளைகள் வழியே உப்பீரம் இறங்கினால் செம்பு பச்சை பிடிக்கும். வாயால் ஊதும் பழக்கம் ஈரத்தைத்தான் கூட்டுகிறது; ஊதியபின் கேம் ஓடுவது பெரும்பாலும் கழற்றித் திரும்பச் செருகியதால். அழிறப்பரால் தேய்ப்பவர்கள் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பொன்னையும் சேர்த்தே தேய்க்கிறார்கள்.

எல்லாக் கசெற்றுக்கும் பற்றரிக் கவலை ஒரே மாதிரி இல்லை. அனிமேயைத் தழுவி 1998இல் வந்த 'போக்கிமொன் யெலோ' சேவுக்கு மட்டும் பற்றரி வைத்திருக்கிறது, ஆகவே நின்று பிடிக்கும். 1999இன் 'கோல்ட்', 'சில்வர்' கேம்களில் மணிக்கூடும் அதே பற்றரியில் ஓடுவதால் அவை முந்திச் சாகும். 2002இன் 'ரூபி', 'சஃபயர்' சேவைப் பற்றரி தேவைப்படாத ஃபிளாஷ் நினைவகத்தில் வைக்கின்றன. பற்றரி செத்தால் மணிக்கூடு நிற்கும், சேவ் அழியாது. பிளேஸ்ரேஷன் மெமரி கார்ட்டுகளும் சேவை ஃபிளாஷில்தான் வைக்கின்றன.

வாங்கும்போது ஒரு சோதனை: சேவ் செய்து, பவரை நிறுத்தி, கசெற்றைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். 'பற்றரி புதுசு' என்று விற்பவர் உள்ளே செலோரேப்பால் ஒட்டியிருக்கிறாரா என்பதையும் திறந்து காட்டச் சொல்லலாம். ரேப் ஒட்டிய பற்றரி கசெற் கீழே விழும்போது ஒரு கணம் விலகும். ஒரு கணம் போதும்.

வைக்கும் இடத்துக்கு றப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி நல்லது. 10 லீற்றர் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சிறிய ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் காட்டினால் போதும். வாவியின் மறுகரையான படுவான்கரையில் இதை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் சரி, கடற்கரைப் பக்கம் மாரியில் மாதாமாதம் பார்க்கவேண்டும். நிறம் மாறிய ஜெல்லை 120 பாகை அவனில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்பப் பாவிக்கலாம். அரிசிக்குள் புதைப்பவர்கள் முனைகளுக்குள் தவிட்டுத் தூளைத்தான் சேர்க்கிறார்கள். பற்றரி மாற்றிய மாதத்தையும் அன்று காட்டிய வோல்ற்றையும் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அளக்கும்போது 0.1 வோல்ற்றுக்கு மேல் இறங்கியிருந்தால், போட்டில் இன்னும் உப்பு இருக்கக்கூடும்.