சூறாவளி: மாந்தோப்பில் அடிப்பது ஒன்று, கடலிலிருந்து வருவது இன்னொன்று

சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் சாயங்காலம் கால் மணி நேரம் காற்றடித்து மாங்காய் கொட்டினால், மறுநாள் செய்தியில் அது ‘சூறாவளி’. கார்த்திகையில் வங்கக் கடலில் உருவாகி நாள் கணக்கில் நகர்ந்து வருவதையும் சிலர் சூறாவளி என்றே எழுதுகிறார்கள். அமெரிக்காவில் யானைத் தும்பிக்கை மாதிரி மேகத்திலிருந்து இறங்கி வீட்டைப் பிடுங்குவதற்கும் அதே பெயர்தான். மூன்றும் பிறக்கும் இடம் வேறு, ஆயுள் வேறு, நமக்குத் தரும் அவகாசம் வேறு. கடலே இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை. எதற்கு எப்படித் தயாராவது என்பதையே தப்பாக்கிவிடுகிறது.

சூறை, வளி என்ற இரண்டும் சேர்ந்தது சூறாவளி. வளி என்றால் காற்று. சூறை என்றால் கொள்ளை. சூறையாடுதல், சூறைத் தேங்காய் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆக, கண்ணில் பட்டதை அள்ளிக்கொண்டு போகும் காற்று என்று சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் வானிலை ஆய்வு மையம் ‘சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என்ற பாணியில் சொல்வதும் இந்தப் பொருளில்தான். ஆங்கிலத்தில் ‘ஸ்குவால்’ என்பதன் நேர்ச்சொல் அது. ஆனால் வளியும் காற்று, காற்றும் காற்று. ஒரே சொல்லுக்குள் இரண்டு முறை எதற்கு? ஊர்க்காரர்கள் சொல்லும் ‘சூறைக்காத்து’ இதைவிடத் துல்லியம். எழுத்தில் சூறைக்காற்று என்று வைத்துக்கொள்வதே சரி.

சூறைக்காற்றுக்கு அளவு உண்டு. காற்றின் வேகம் திடீரென்று மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டராவது கூடி, 40 கிலோமீட்டரையோ அதற்கு மேலோ எட்டி, குறைந்தது 1 நிமிடம் நீடிக்க வேண்டும். சில நொடிகளில் அடித்து ஓய்வது சூறை அல்ல, வெறும் வீச்சு.

அது எங்கிருந்து வருகிறது? தலைக்கு மேலே நிற்கும் இடிமேகத்திலிருந்து. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் சூடான காற்று மேலெழுந்து கோபுரம் கோபுரமாக மேகம் கட்டுகிறது. மழைத்துளி விழத் தொடங்கியதும், மேகத்துக்குக் கீழே இருக்கும் உலர்ந்த காற்றில் பாதித்துளி ஆவியாகிவிடும். ஆவியாகும்போது காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே கொட்டுகிறது. தரையில் மோதிப் பக்கவாட்டில் பாய்கிறது. மழைக்குச் சில நிமிடம் முன்னால் மண்வாசனையோடு சில்லென்று முகத்தில் அடிக்குமே, அது இந்தக் காற்றின் முனை. காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு மூர்க்கம். மழை சொற்பமாகவும் சேதம் அதிகமாகவும் இருக்கும் மாலைகளுக்குக் காரணம் இதுதான். ஒரு தனி இடிமேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அதனால் இதற்கு மூன்று நாள் முன்கூட்டியே ஊர் பெயர் சொல்லி எச்சரிக்கை வராது. அடுத்த 3 மணி நேரத்துக்கான மாவட்டவாரி எச்சரிக்கைதான் கைகொடுக்கும்.

ஆகையால் வாழைக்கு முட்டுக்கொடுப்பது, தகரக் கூரையின் ஓரத்து வரிசையிலும் மூலைகளிலும் போல்ட்டை இறுக்குவது எல்லாம் மாசி, பங்குனியிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலைகள். கூரையைக் காற்று மேலே உறிஞ்சும் விசை ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம். தகடு அங்கிருந்துதான் பெயரும். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பக்கத் திரையைத் திறந்து வைத்தபடி சூறைக்காற்றில் மாட்டினால், காற்று உள்ளே புகுந்து பாலித்தீனைப் பலூன் மாதிரி உப்ப வைத்துக் கிழித்துவிடும். சில்லென்ற முதல் காற்று பட்டவுடன் திரையை இறக்க வேண்டும். மழை வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் கை மிஞ்சிவிடும்.

அதே மேகம் கொட்டுவதுதான் ஆலங்கட்டி. ஆலம் என்றால் நீர். ஆலி என்ற பழஞ்சொல்லுக்கு மழைத்துளி என்றும் பனிக்கட்டி மழை என்றும் பொருள் உண்டு. ஆலங்கட்டி என்றால் நீர்க்கட்டி, அவ்வளவுதான். ஆலமரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிய ஆலங்கட்டி ஒன்றை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள்: வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக, ஒரு வளையம் கண்ணாடியாகவும் அடுத்தது பால் வெள்ளையாகவும் இருக்கும். நீர் நிறைய ஒட்டி மெதுவாக உறைந்தால் கண்ணாடி. சட்டென்று உறைந்து காற்றுக்குமிழ் உள்ளே சிக்கினால் வெள்ளை. மேலெழும் காற்று தாங்கிப் பிடித்திருக்கும்வரை அது வளர்கிறது, தாங்க முடியாதபோது விழுகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். தாழ்ந்த ஊர்களில் வழியிலேயே கரைந்துவிடும் கட்டிகூட அங்கே முழுசாகத் தரைக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, தும்பிக்கைக் காற்று. ‘டொர்னேடோ’ என்ற சொல், இடிமழையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான ‘த்ரொனாதா’விலிருந்து வந்து, திரும்புதல் என்ற பொருள் தரும் இன்னொரு சொல்லோடு கலந்து உருமாறியது. தமிழில் சுழல்காற்று என்றால் போதும். வெயில் காலத்தில் காலி நிலத்தில் சருகையும் புழுதியையும் சுருட்டிக்கொண்டு ஓடும் பேய்க்காத்தை இதோடு சேர்க்கக் கூடாது. பேய்க்காத்து மேகமே இல்லாத வெயிலில் தரைச்சூட்டால் கீழிருந்து கிளம்புவது. சுழல்காற்று இடிமேகத்தோடு ஒட்டியே இருக்கும், மேகம் இல்லாமல் அது இல்லை.

எது அடித்தது என்று சந்தேகம் வந்தால் மறுநாள் காலையில் வாழைத்தோட்டமே சாட்சி சொல்லும். மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்துப் படுத்திருந்தால் சூறைக்காற்று. ஒரு புள்ளியிலிருந்து விரித்த குடைக்கம்பிகள் மாதிரி நாலாபக்கமும் சாய்ந்திருந்தால், மேகத்திலிருந்து நேர்கீழாகக் கொட்டிய காற்று. குறுகிய ஒரு பாதையில் மட்டும் மரங்கள் முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தால்தான் சுழல்காற்று. இழப்பீட்டுக்குப் படம் எடுக்கும்போது தனித்தனி மரத்தை எடுப்பதோடு, மேட்டில் நின்று மொத்தத் தோட்டமும் தெரிய ஒரு படம் எடுத்துவையுங்கள்; சாய்ந்த திசை அதில்தான் தெரியும்.

இனி புயல். இந்தச் சொல்லின் பயணம் அழகானது. பழந்தமிழில் புயல் என்றால் மேகம், மழை. ‘ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்ற குறளில் புயல் என்பது வருவாய். மழை என்ற அந்த வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்கிறார் வள்ளுவர். கீழ்க்காற்றைக் குறிக்கும் கொண்டலுக்கும் மேகம் என்ற பொருள் உண்டு. மழையும் அதைக் கொண்டுவரும் காற்றும் ஒரே சொல்லில் குடியிருப்பது தமிழுக்குப் புதிதல்ல. ‘சைக்ளோன்’ அவ்வளவு பழசில்லை. கொல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848-இல் மாலுமிகளுக்கான கையேட்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கிரேக்கத்தில் வட்டம், பாம்பின் சுருள் என்ற பொருள்வழி வந்தது. அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன், நமக்குப் புயல்: பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே. இலங்கைத் தமிழர் இதைத்தான் சூறாவளி என்கிறார்கள். 1978-இல் மட்டக்களப்பைத் தாக்கியதற்கு அங்கே அந்தப் பெயர்தான். அது அவர்கள் வழக்கு, தப்பில்லை. தமிழ்நாட்டில் புயல் என்று தனிச்சொல் இருக்கும்போது இரண்டையும் கலக்க வேண்டியதில்லை.

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 3 நிமிடச் சராசரி வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். 89-இல் தீவிரப் புயல். இந்தப் படிகள் எல்லாம் காற்றுக்கு. மழைக்கு அல்ல. கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே நின்று வலுவிழந்தது. ‘புயல் வலுவிழந்தது’ என்று கேட்டால் ஆபத்து நீங்கியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்ளே, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர் மழை. தருமபுரி மாவட்டத்து அரூரிலும் 300 மில்லிமீட்டருக்கு மேல். 204.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்பது அளவுகோல். ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. மேகவெடிப்பு என்று பலர் சொன்னார்கள். 1 மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டினால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஒரு நாள் மொத்தத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 1 ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 503 மில்லிமீட்டரால் பெருக்கினால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 170 லோடு. இவ்வளவும் ஒரே நாளில் பள்ளம் பார்த்து ஓடி ஏரியில் விழும். ஆகவே இந்த மாவட்டங்களில் ‘புயல்’ என்று அறிவிப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கூரையை அல்ல, ஏரியை. ஏரி நிரம்பினால் மிகைநீர் வெளியேறும் கோடியின் வழியில் முள்ளும் மண்ணும் அடைத்திருக்கிறதா, மதகு திறந்து மூடுகிறதா, கரையில் எலி வளையோ கசிவோ இருக்கிறதா என்று மழைக்கு முன்னாலேயே நடந்து பார்க்க வேண்டும். கோடி அடைத்திருந்தால் தண்ணீர் கரைமேல் ஏறி வழியும். மண்கரைமேல் வழிந்த தண்ணீர் அதே இடத்தை அரித்து உடைக்கும்.