கொத்தவால்: சொல்லும் பொருளும்

சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள கொத்தவால் சாவடியைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. மொத்தக் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பின்னும் அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் கொத்தவால் யார் என்று கேட்டால், அதை ஒருவகை வாள் என்று எண்ணி லகரத்தை ளகரமாக்கி எழுதுவோரும் உண்டு. அது பிழை. கொத்தவால் என்பது நகரக் காவலின் தலைமைப் பதவி.

கோட்டையைக் காப்பவன் என்னும் பொருளுடைய ‘கோட்டபால’ என்ற வடசொல், பகரம் வகரமாகத் திரிந்து, நாவை மடித்து ஒலிக்கும் டகரம் இல்லாத பாரசீகத்தின் வழியே ‘கோத்வால்’ ஆகி, முகலாயர், நவாபு ஆட்சிகளோடு தெற்கே வந்தது என்பர். அந்த வடசொல்லின் முற்பகுதியான ‘கோட்ட’ என்பதே நம் ‘கோட்டை’யோடு உறவுடைய திராவிடச் சொல் என்று கருதும் மொழியியலாளர் இருக்கிறார்கள். அவ்வாறாயின், நாம் அயற்சொல் என்று ஒதுக்குவதில் பாதி நம் வீட்டிலிருந்து போனதே.

திருடனைப் பிடிப்பதோடு கொத்தவாலின் வேலை முடியவில்லை. வீடுகளுக்குப் பதிவேடு வைத்தல், இரவு ரோந்து, ஊருக்குள் வந்து போவோரைக் குறித்தல் ஆகியவற்றோடு, அங்காடியின் எடைக்கற்களைச் சோதிப்பதையும், விருப்பமில்லாத பெண் உடன்கட்டை ஏற்றப்படாமல் தடுப்பதையும் அவன் கடமைகளாக அக்பரின் அவையைச் சேர்ந்த அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி என்னும் நூல் கூறுகிறது. சென்னையில் அப்பெயர் ஒரு சந்தையின் மேல் நிலைத்ததற்கு, இந்த அங்காடிப் பொறுப்பே காரணம் எனலாம்.

ஜவாகர்லால் நேருவின் பாட்டனார் கங்காதர நேரு, 1857 கிளர்ச்சிக்கு முன் தில்லிக் கொத்தவாலாக இருந்தவர். ஆயினும் இப்பதவியின் வீச்சைக் காட்ட எனக்குப் பொருத்தமாகத் தோன்றுபவர், நிஜாம் ஆட்சியில் 1920 முதல் 1934 வரை ஐதராபாத்தின் கொத்தவாலாக விளங்கிய ராஜா பகதூர் வெங்கடராம ரெட்டி. கொத்தவால் ஆவதற்கு முன்பே, வெளியூர்களிலிருந்து படிக்க வரும் மாணவர் தங்குவதற்காக 1918இல் ரெட்டி விடுதி உருவாக முன்னின்றவர். பெண்கல்விக்கும் துணை நின்றவர். நாராயணகூடாவில் உள்ள மகளிர் கல்லூரி, தெலங்கானா காவல் பயிற்சிக் கழகம் இரண்டுமே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஒரு காவல் அதிகாரியின் பெயர் பெண்கள் கல்லூரிக்கு வாய்ப்பது நாம் அடிக்கடி காண்பதன்று.

இனி, கொத்தவாலுக்கு நேரான தமிழ்ச்சொல் எது என்று பார்ப்போம். ‘காவல் ஆணையர்’ இன்றைய கமிஷனருக்கு உரியது. எடைக்கல் அவர் பொறுப்பில் வராது. ‘தலையாரி’ சிற்றூர்க் காவலாள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘பாடிகாவல்’ காவலையும் அதற்கான வரியையும் குறிக்குமே ஒழிய ஆளைக் குறிக்காது. சிலப்பதிகாரத்தில், சிலம்பைக் கொண்டுவரப் பாண்டியன் கூவி அழைப்பது ‘ஊர்காப்பாள’ரை. ஊரைக் காத்தல் என்னும் பரந்த பொருள் அதில் இருப்பதால், வரலாற்று நூல்களில் கொத்தவாலை ‘ஊர்காப்புத் தலைவர்’ என எழுதுவது பொருந்தும். இடப்பெயரில் மட்டும் கை வைக்க வேண்டியதில்லை. ‘ஊர்காப்புத் தலைவர் சாவடி’ என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் நம்மை அங்கே கொண்டுபோய் இறக்க மாட்டார்.