தொடங்குவிரலி: ‘பூட்டபிள் லைவ் யுஎஸ்பி’ என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

‘லேப்டாப் பூட் ஆகல, பூட்டபிள் பென் டிரைவ் போட்டுத் தாங்க’ என்று கணினி பழுதுபார்க்கும் கடைகளில் அடிக்கடி கேட்கலாம். கணினியின் இயங்குதளத்தை (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை) எழுப்பி ஓடவைப்பதே பூட். கேட்பவருக்கும் கடைக்காரருக்கும் பொருள் புரிந்துவிடுகிறது. அதே பென் டிரைவை வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்தான் தடுமாறுகிறார். இணையத்திலிருந்து இறக்கிய, இயங்குதளம் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை, பாட்டுக் கோப்பு போல அப்படியே பென் டிரைவில் நகலெடுத்துப் போடுகிறார். கணினி அதைக் கண்டுகொள்வதில்லை. பூட், லைவ், ஐஎஸ்ஓ ஆகிய சொற்களின் பொருள் பிடிபட்டால் காரணமும் பிடிபடும்.

உயரமான காலணியை மாட்டும்போது பிடித்து இழுக்க, அதன் மேல்விளிம்பில் ஒரு வார் வளையம் தைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பூட்ஸ்டிராப் என்று பெயர். தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டில் நடக்கவே நடக்காத காரியத்துக்குச் சொல்லப்பட்ட வழக்கு. பிற்பாடு அது, யார் தயவும் இல்லாமல் சொந்த முயற்சியில் மேலே வருவதைக் குறிக்கலாயிற்று.

1950களில் கணினித் துறை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. நினைவகத்தில் ஒரு நிரலை ஏற்ற வேறொரு நிரல் வேண்டும். முதல் நிரலை ஏற்றுவது யார்? ஐபிஎம் 701 கணினியில் இதற்கென ‘லோடு’ என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ 36 பிட் கொண்ட ஒரே ஒரு துண்டு நினைவகத்துக்குள் வரும். அதிலுள்ள கட்டளை அடுத்த துண்டை இழுத்து வரும், அது அதற்கடுத்ததை. இப்படித் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்வதால் பூட்ஸ்டிராப் என்றார்கள். நாளடைவில் வார் உதிர்ந்து, பூட் மட்டும் நின்றது.

இன்றும் நடப்பது அதுவே. பழைய பயாஸ் (கணினியை முடுக்கியதும் முதலில் ஓடும், பலகையிலேயே பதிந்த நிரல்) உள்ள கணினி, வட்டின் முதல் 512 பைட்டைத்தான் முதலில் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகள் பதினாறடிமான (16ஐ அடியாகக் கொண்ட எண்) முறையில் 55, ஏஏ என்று இருந்தால்தான் பொதுவாக அதைத் தொடங்கத்தக்க வட்டாக ஏற்கும். வட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்துள்ளது என்று சொல்லும் வகிர்வு அட்டவணைக்குப் போக நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட்டு. ஒருங்குறித் தமிழில் ஒரு குறிக்கு வழக்கமாக 3 பைட்டு ஆகும். ஆக, 150 குறிகள்கூட அந்த இடத்தில் கொள்ளாது. அவ்வளவு சிறிய நிரல்தான் ஒரு முழு இயங்குதளத்தையே எழுப்பும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. புதிய கணினிகளில் பயாஸின் இடத்தில் வந்துள்ள யூஇஎஃப்ஐ இந்த 446 பைட்டை நம்பியில்லை. ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த பகுதியில் இஎஃப்ஐ என்ற கோப்புறை, அதற்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் குறித்த பெயரில் ஒரு கோப்பு என்று தேடிப் போகும்.

இனி ஐஎஸ்ஓ. குறுவட்டில் கோப்புகள் எப்படி அமைய வேண்டும் என்று வகுத்த ஐஎஸ்ஓ 9660 தரத்திலிருந்து வந்த பெயர் இது. ஒரு வட்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை அச்சு அசலாகப் பிடித்துவைத்த ஒரே கோப்பு. அதை வட்டுப் படிமம் என்று சொல்வதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. மூலத்தின் உருவை அப்படியே தாங்கி நிற்பது என்ற பொருள் படிமத்துக்கு நெடுங்காலமாக உண்டு. படிமத்தைப் பென் டிரைவுக்குள் ஒரு கோப்பாக வைத்தால், முதல் 512 பைட்டில் பழைய சங்கதியே இருக்கும். யூஇஎஃப்ஐ தேடும் கோப்புறையும் வெளியே தெரியாது. படிமத்தைப் பென் டிரைவின் மேலேயே எழுத வேண்டும். எட்சர் என்ற மென்பொருளும் லினக்ஸின் டிடி கட்டளையும் செய்வது இதைத்தான். ரூஃபஸ் என்ற மென்பொருள் பெரும்பாலும் படிமத்திலுள்ள கோப்புகளைப் பிரித்து வைத்து, தொடக்க நிரலையும் பதிக்கிறது. வென்டாய் என்ற மென்பொருள் வேறு வழி: தொடக்க நிரலைத் தானே முன்கூட்டிப் பதித்துவிடுகிறது. பிறகு படிமக் கோப்புகளை வெறுமனே நகலெடுத்துப் போட்டால் போதும், எதை எழுப்பலாம் என்று பட்டியல் காட்டும்.

பூட்டுக்குத் தமிழில் என்ன? ‘பூட்’ என்றே எழுதினால் நம் பூட்டு வந்து குறுக்கே நிற்கிறது. பூட்டபிள் என்பதைப் பூட்டத்தக்கது என்று புதிதாகப் படிப்பவர் கொள்ளக்கூடும். ‘துவக்கு’ என்று எழுதுவோர் உண்டு. ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. ‘தொடக்கம்’ இரு கரையிலும் சிக்கலில்லாமல் புழங்கும். இயங்குதளம் என்பதே வினைத்தொகைதான்: இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் தளம். அதே அச்சில் தொடங்குவட்டு, தொடங்குவிரலி என்று அமைத்துக்கொள்ளலாம். பென் டிரைவை விரலி என்பது தமிழ்க் கணிமை ஆர்வலர்களிடம் ஏற்கெனவே வழங்கும் சொல்.

லைவ் என்பதை ‘நேரடி’ என்று பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கிரிக்கெட் ஒளிபரப்பைத்தான் நினைவூட்டும். இங்கே லைவ் என்பதன் உட்பொருள், வன்வட்டில் நிறுவாமலே இயங்குவது. ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் இந்த முறையைப் பரவலாக்கியது. ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளை இறுக்கிச் சுருக்கி 700 எம்பி குறுவட்டில் அடக்கியிருந்தார். வட்டிலுள்ளது படிக்க மட்டுமே, நாம் செய்யும் மாற்றங்கள் ரேமில் தங்கும், அணைத்தால் போய்விடும். தடயம் விடாமல் வேலை செய்ய விரும்புவோருக்கான டெயில்ஸ் என்ற இயங்குதளம் இந்த மறதியையே பாதுகாப்பாக ஆக்கிக்கொண்டது. மாற்றங்கள் நிலைக்க வேண்டுமென்றால் விரலியில் தனிப் பகுதி ஒதுக்கலாம். அதை நிலைப்புப் பகுதி எனலாம். ஆகவே நான் பரிந்துரைப்பது ‘நிறுவாத் தளம்’: வாடா மலர், ஓடாக் குதிரை போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘நிறுவாத் தளம் உள்ள தொடங்குவிரலி’ என்றால் மூன்று ஆங்கிலச் சொற்களும் விடுபடாமல் வந்துவிடுகின்றன.

விண்டோஸ் எழும்பாத மடிக்கணினியில் கிடக்கும் படங்களை மீட்க, லினக்ஸில் வைஃபை வேலை செய்கிறதா என்று நிறுவும் முன் பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. செய்யும்போது இரண்டில் மட்டும் கவனம் தேவை. இறக்கிய படிமத்தின் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்றது), வெளியிட்டவர்கள் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை எழுதாதீர்கள். எழுதும்போது விரலியில் உள்ளதெல்லாம் அழியும் என்பதால் இலக்கு எது என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். டிடி கட்டளை ‘உறுதியா?’ என்று கேட்காது. லினக்ஸ் வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயரிடும்; விரலிக்கான எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று அடித்தால், பல கணினிகளில் அது உங்கள் வன்வட்டு.