மஞ்சத் தண்ணியும் ஒரு கை அன்னபேதியும்

எங்க லேபுக்கு வர்ற பாட்டில்ல பெரும்பாலும் செவப்புத் தண்ணிதான். போர் போட்டு ரெண்டு மாசம்தாங்க ஆச்சு, வாளியில புடிச்சு வெச்சா ஒரு மணி நேரத்துல அடியில துரு மாதிரி படியுது, வேட்டி துண்டெல்லாம் கறையாவுது, இதக் குடிச்சா கிட்னி போயிடுமான்னு கேப்பாங்க. கும்பகோணம் சுத்துவட்டாரத்துல இது தினப்படி கதை. அது வெறும் இரும்பு. ருசி கெடும், துணி கெடும், பைப்பு அடைக்கும், காத்தாட விட்டு மணல்ல வடிகட்டினா பெரும்பாலும் சரியாப் போயிடும்.

எனக்கு வயித்தக் கலக்குறது வேற பாட்டிலு. வெந்தயம் ஊறவெச்ச தண்ணி மாதிரி லேசா மஞ்ச தட்டியிருக்கும், இல்லன்னா அதுகூட இல்லாம பளிச்சுனு இருக்கும். செவப்பப் பாத்து பயப்படுற அதே ஆளு இத மடக்கு மடக்குனு குடிச்சிடுவார்.

போன வருசம் ஆடிக்கு முன்னாடி ஒரு முலாம் பட்டறைக்காரர் வந்தார், அறுபது வயசு இருக்கும், பைக் பார்ட்ஸுக்கும் பழைய குழாய்க்கும் குரோம் ப்ளேட்டிங் போடுற சின்ன பட்டறை. "ஏம்மா, இது ஆசிட் தொட்டித் தண்ணி இல்ல, சாமான அலசுற தண்ணிதான், இதுல என்ன இருக்கப் போவுது"ன்னார். அவரு கண்ணு முன்னாடியே அதுல நூத்துல ஒரு பங்கு எடுத்து நல்ல தண்ணியில கலக்கி, ஆசிட் விட்டு, குரோமியத்தக் காட்டிக்குடுக்குற டைபினைல் கார்பசைடு மருந்த சொட்டு விட்டேன். நாவப்பழம் கடிச்ச நாக்கு கலர்ல ஆயிடுச்சு. அந்தக் கலரு வந்தா அது ஆறாம் குரோமியம், குரோமியம் உலோகத்தோட விசமான வடிவம். மூச்சுல போனா நுரையீரல் புத்துநோய் வரவைக்கும், தோலுல பட்டா புண்ணு, அதவிட மோசம் என்னன்னா தண்ணியில நல்லா கரைஞ்சு, மண்ணுல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். காச்சினாலும் போகாது, தண்ணி சுண்டினா இன்னும் அடர்த்திதான் ஆவும், படிகாரமும் இதுகிட்ட பலிக்காது. குடிதண்ணியில மொத்த குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக்கூடாது, அந்த அளவுல கண்ணுக்கு மஞ்சளே தெரியாது.

இதுக்கு மருந்து நம்ம உரக்கடையிலயே இருக்கு, அன்னபேதி. பயிரு வெளுத்துப்போனா கரைச்சுத் தெளிக்கிறோமே அதேதான், பெர்ரஸ் சல்பேட். அதுல இருக்குற இரும்பு தன்கிட்ட உள்ள ஒரு எலக்ட்ரானக் குடுத்திடும், ஆறாம் குரோமியம் மூணு எலக்ட்ரான வாங்கிட்டு மூணாம் குரோமியமா எறங்கிடும். மூணாம் குரோமியத்துக்கு அந்த அளவு விசம் கிடையாது, சுண்ணாம்பு போட்டு பிஹெச்ச, அதாவது புளிப்பு-கார அளவ, 8, 8.5க்கு ஏத்தினா கரையாம சேறா அடியில உக்காந்துடும். கணக்குப் பாத்தா 1 கிராம் ஆறாம் குரோமியத்துக்கு 16 கிராம் அன்னபேதி, பட்டறையில அதுக்கு மேல கொஞ்சம் கூடவே போடணும்.

போன்லயே இதெல்லாம் சொல்லிட்டேன், நாலு நாள் கழிச்சு போன் வருது, "என்னம்மா உங்க வைத்தியம், அப்படியே மஞ்சளா நிக்குது"ன்னு. நேர்ல போய்ப் பாத்தா மூட்டையில அன்னபேதி பழுப்பா, செங்கப்பொடி மாதிரி கெடக்கு. எப்பவோ வாங்கினது, மழை ஈரம் பட்டு காத்துல பாதிக்கு மேல துருவாயிடுச்சு. கொடுக்க வேண்டிய எலக்ட்ரான ஏற்கெனவே காத்துக்கிட்ட கொடுத்து முடிச்ச இரும்பு அது, குரோமியத்துக்குக் கொடுக்க கையில ஒண்ணும் இல்ல. நல்ல அன்னபேதி வெளிர்பச்சையா கல்கண்டு மாதிரி இருக்கணும், இத முதல்லயே சொல்லாதது என் தப்புதான். புது மூட்டை வாங்கி வந்து ஒரு கை போட்டு குச்சியால கலக்கினோம், மஞ்ச போயி ஒரு அழுக்குப் பச்சை வந்துச்சு, சுண்ணாம்பு விட்டதும் பாசி மாதிரி திரிதிரியா கட்டி மெதுவா எறங்க ஆரம்பிச்சுது. அவரு தொட்டி ஓரமா குத்தவெச்சு பாத்துக்கிட்டே இருந்தார்.

இது தொட்டியில இருக்குற தண்ணிக்கு. நிலத்துக்குள்ள எறங்கிட்டா? அங்கயும் இரும்புதான். 1980கள்ல கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டி ஆளுங்க நிலத்தடி நீர்ல குளோரின் கலந்த கரைப்பான்கள ஆராய்ச்சி பண்ணும்போது, உலோகத்துல பட்டா அந்த ரசாயனம் காணாமப் போறதக் கவனிச்சாங்க, அங்கேருந்து ராபர்ட் கில்ஹாம்னு ஒரு பேராசிரியர் இரும்புத் தூளால மண்ணுக்குள்ள சுவரு கட்டுற யோசனைய வளத்தார். 1996ல அமெரிக்காவுல எலிசபெத் சிட்டிங்குற ஊருல, கடலோரக் காவல்படை தளத்துல இருந்த முலாம் பட்டறைக்கு அடியில எறங்குன குரோமியம் ஆத்தப் பாத்து நகர்ந்துக்கிட்டு இருந்தப்ப, 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமா ஆழம், 0.6 மீட்டர் அகலத்துல பள்ளம் வெட்டி இரும்புத் தூள ரொப்பினாங்க. தண்ணி அதுவா அந்தச் சுவத்துக்குள்ள நொழைஞ்சு வெளிய வரும், குரோமியம் உள்ளயே மாட்டிக்கும். மோட்டாரும் வேணாம் கரண்டும் வேணாம்.

அதப் படிச்சிட்டு ஒருத்தர் எங்கிட்ட, லேத் பட்டறையில இரும்புச் சுருள் சும்மாவே கிடைக்குதே, பட்டறை பின்னாடி பள்ளம் வெட்டி ரொப்பிடலாமான்னார். முதல்ல அந்தச் சுருள்ல கட்டிங் ஆயில் ஒட்டியிருக்கும், கழுவாம போட்டா எண்ணெய் ஒரு பக்கம் நிலத்துக்குப் போவும், இன்னொரு பக்கம் இரும்பையே மூடிக்கும். ரெண்டாவது நம்ம டெல்டா மண்ணு. மேட்டூர் தண்ணி வந்து ஆறு வாய்க்கா ஓடுறப்ப தண்ணி ஆத்துலேருந்து நிலத்துக்குள்ள எறங்கும், சித்திரையில ஆறு காஞ்சு கெடக்குறப்ப ஊரு பூரா மோட்டார் எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் போவும். ஒரே திசையில ஓடுற தண்ணிக்குத்தான் சுவரு, வருசத்துல ரெண்டு தடவ திசை மாத்துற தண்ணிக்கு எங்க நிறுத்துவீங்க? அளக்காம வெட்டினா காசுக்குப் புடிச்ச கேடு. குடிக்கிற கெணத்துல இரும்பக் கொட்டுற வேலைய மட்டும் யாரும் செஞ்சுடாதீங்க.

துரு சும்மா கெடக்குற பொருள் இல்லங்கிறதுக்கு வயல்லயே சாட்சி இருக்கு. தண்ணி நிக்குற நடவு வயல்ல ஒரு நெல்லுச் செடியப் புடுங்கிப் பாருங்க, வேரு மேல காவி பூசின மாதிரி இருக்கும். சேத்துக்குள்ள கரைஞ்சு கெடக்குற இரும்பு, வேரு விடுற காத்து பட்டதும் அங்கயே துருவாகி ஒட்டிக்கும், ஆர்சனிக் இருந்தா அதுல ஒரு பங்க அந்தத் துருவே புடிச்சு வெச்சுக்கும். ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் டி. பிரதீப் குழு ஆர்சனிக் எடுக்கப் பண்ணின அம்ரித் ஃபில்டரும் துருவோட சொந்தக்காரப் பொருள வெச்சுத்தான்.

சாயத்துக்கு வர்றேன். திருபுவனம் பக்கம் பட்டுக்குச் சாயம் போடுற ஒரு தம்பி, சாயத் தண்ணிய இரும்புத் தூள் வழியா விட்டா தெளிவா வருதுக்கான்னு சந்தோசமா வீடியோ அனுப்பிச்சான். வரும்தான், அசோங்கிற வகை சாயத்துல கலரு குடுக்குற பிணைப்ப இரும்பு ஒடைச்சிடும். ஆனா ஒடைஞ்ச துண்டு அரோமாட்டிக் அமீன்ங்கிற ரசாயனம், அதுல சிலது சாயத்தவிட மோசம், புத்துநோய் வரைக்கும் போவும். அதுக்கு மேல காத்தடிச்சு பாக்டீரியா வெச்சு ஒரு ஸ்டேஜ் வேணும். கலரப் பாத்து முடிவு பண்ணாதடா தம்பின்னு சொன்னேன், அன்னிக்கு அவனுக்கு மொகமே இல்ல.

குரோமியத்துலயும் இதே கதைதான், இரும்பு அத அழிக்கல, உக்கார வெச்சிருக்கு, அவ்வளவுதான். நம்ம பட்டறைக்காரரு முதல் தடவ சேற எடுத்து தென்னமரத்து அடியில போடப் போனார், நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆளுங்க வெளிய வந்துட்டாங்க. நாத்தம் அடிக்குதேன்னு பிளீச்சிங் பவுடர் தூவினாலோ, அடுப்புல போட்டு எரிச்சாலோ மூணாம் குரோமியம் திரும்ப ஆறாம் குரோமியமா மாறிடும். ராணிப்பேட்டையில 2 லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவு வருசக்கணக்கா வெட்டவெளியில குவிஞ்சு கெடந்து நிலத்தடி நீர என்ன பாடு படுத்திச்சுன்னு பாத்தவங்களுக்குப் புரியும்.

இப்ப அவரு பட்டறையில கூரைக்குக் கீழ, தரையில சிமெண்ட் போட்டு, மூடி போட்ட நீல டிரம்மு ரெண்டு நிக்குது, மேல சாக்பீஸ்ல தேதி. கும்மிடிப்பூண்டியில இதுக்குன்னே இருக்குற எடத்துக்கு அனுப்பணும், ஆனா ரெண்டு டிரம்முக்குன்னு வண்டி வராது. அதனால இன்னும் மூணு பட்டறைக்காரங்களச் சேத்து ஒரு லோடு ஆக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கார், அதுல ஒருத்தரு எங்க பட்டறையில சேறே வர்றதில்லையேங்கிறாராம். அவரு தண்ணி எங்க போவுதுன்னுதான் அடுத்த வாரம் பாட்டிலோட போறேன்.